சௌக்கியத்தில் ஒரு பிழை

டைப்பக்காவின் போன் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தபோது, போனது ஒரு போன்தானே என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தாள், முழங்கை பட்டது, அது பாட்டுக்குச் சோப்புத் தண்ணீரில் இறங்கிவிட்டது. எடுத்து உதறித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு மிச்சத் துணியையும் அலசி முடித்தாள். கொடியில் போர்வையை விரிக்கும்போதுதான் பொறி தட்டியது. அந்தக் கண் ஆபரேஷன்காரர்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் ஒருமுறை சிணுங்கியது. திரையில் செய்தியின் முதல் வரிகள் மட்டும் தெரிந்தன. 'நான் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். இன்று மதியம் எனக்குக் கண் ஆபரேஷன். கூட வர ஒத்துக்கொண்டவர் வரவில்லை. ஆஸ்பத்திரி...' அதற்கு மேல் புள்ளிகள். முழுவதையும் படிக்க அவள் நடத்துகிற வெப்சைட்டுக்குள்ளே போக வேண்டும். துணியை முடித்துவிட்டுப் போகலாம் என்று வைத்தாள். எந்த ஆஸ்பத்திரி, அவர் நம்பர் என்ன, ஒன்றும் தெரியாது. இதில் கொடுமை என்னவென்றால், அவருக்குப் பதில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. செய்தி அனுப்பும் எல்லாருக்கும் அந்த வெப்சைட் தானாகவே ஒரு பதில் அனுப்பும்: 'உங்கள் செய்தி கிடைத்தது. கவலைப்படாதீர்கள். ஆள் வரும்.'

அந்த வாசகம் டைப்பக்கா எழுதியதுதான்.

ஆபரேஷனுக்கு, ஸ்கேனுக்கு, மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற எதற்கும் தனி ஆளாகப் போய் நின்றால் ஆஸ்பத்திரியில் உள்ளே எடுக்கமாட்டார்கள். கூட ஒரு ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாதவர்களுக்குத் துணைக்குப் போகிறவர்களை ஏற்பாடு செய்துகொடுக்கிற வெப்சைட் அது. கூலி கிடையாது, சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. பெயின்டர், டிரைவர், தையல்காரர் என்று மனசிருக்கிற சில பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவள் இதைத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு பிளாஸ்க். கல்யாணத்துக்கு முன்னால், ஹாஸ்டலில் தங்கி டைப்பிஸ்ட் வேலை பார்த்த காலத்தில், ஒரு நாள் அவளுக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. குடல்வால் என்றார்கள், உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். கூட யார் என்று நர்ஸ் கேட்டார். யாருமில்லை. ஆள் இல்லாமல் முடியாது என்றார் நர்ஸ். டைப்பக்கா பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். அப்போது வேறு யாரையோ பார்க்க வந்த ஒரு பெண், கையில் நீல மூடி போட்ட பிளாஸ்க்கோடு நடந்துபோனவள், நின்றாள்.

"நான் இருக்கேன்," என்றாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் நர்ஸ்.

"அக்கா வேணும்."

யோசிக்கக்கூட இல்லை அந்தப் பெண். டைப்பக்கா கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தாள், ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள், மறுபடி தூங்கி விழித்தபோது போய்விட்டாள். பேர் கேட்கவில்லை. முகம்கூடச் சரியாக நினைவில் நிற்கவில்லை. நீல மூடிதான் நின்றது. பல வருஷம் பஸ் ஸ்டாப்பில் யார் கையில் நீல மூடி பிளாஸ்க்கைப் பார்த்தாலும் டைப்பக்கா முகத்தைப் பார்ப்பாள். கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுக்க முடியாமல் போன நன்றி மனசில் சும்மா இருக்காது. கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லி நச்சரிக்கும். அந்த நச்சரிப்புத்தான் வெப்சைட் ஆனது.

கட்டிக்கொடுத்தது அவளுடைய தங்கை வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன எதையும் நகர்த்தாமல் விடமாட்டார். ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, டைப்பக்கா வீட்டு இஸ்திரி மேசைக்கு அடியில் வைத்து, வெப்சைட்டை அதிலேயே ஓட விட்டார். "நோயாளிங்க விவரத்தை எவன் கம்பெனி மிஷின்லயோ ஏன்க்கா வைக்கணும்? நம்ம கூரைக்கு அடியில இருக்கட்டும்," என்றார். அதற்குத் திரை இல்லை, கீபோர்டு இல்லை. பச்சை விளக்கு ஒன்று மட்டும் கண்ணடித்துக்கொண்டு கிடக்கும்.

கொஞ்ச நாளில் திருட்டுத் தொல்லை வந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆளில்லாத நிரல்கள் வந்து, உள்ளே நுழைகிற பக்கத்தைக் கண்டுபிடித்து, ராப்பகலாகத் தட்டிக்கொண்டிருந்தன. இந்த மாதிரி வெப்சைட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தின் முகவரி ஒரே மாதிரி இருக்குமாம். மாப்பிள்ளை பூட்டை மாற்றவில்லை, கதவையே ஒளித்துவிட்டார். முகவரியின் கடைசியில் ஒரு ரகசிய வார்த்தை போட்டால்தான் கதவு தெரியும். "அக்கா, தமிழ்ல ஒரு வார்த்தை அடிங்க. எவனுக்கும் தோணக் கூடாது," என்றார். டைப்பக்கா தான் டைப் அடிக்கிற ஜெராக்ஸ் கடையிலிருந்து கொண்டுவந்த தன்னுடைய கீபோர்டில், இரண்டு கை விரல்களாலும் ஒரு தட்டுத் தட்டினாள். சௌக்கியம். மாப்பிள்ளை அந்த முகவரியை அவள் போனில் குறித்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் வார்த்தையை ஒருமுறைகூட அடித்ததில்லை. போனில் ஒரு இடத்தை அமுக்குவாள், கதவு திறக்கும். அந்தப் போன்தான் இப்போது ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, உங்க போனைக் கொடுங்க."

உள்ளறையிலிருந்து அவள் கணவர் வந்தார். அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் ப்ரூஃப்காரர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்தைப் பார்க்கிற ஜாதி. மருந்து பாட்டிலில் ஒற்று விட்டுப்போயிருந்தால் மருந்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

விஷயத்தைக் கேட்டதும் போனை அவர் கொடுக்கவில்லை, தானே அடித்தார். அவர் அடித்தால் தப்பு வராது என்று இருவருக்கும் தெரியும். வெப்சைட் பெயர், சாய்வுக்கோடு, சௌக்கியம். திரை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது: 'நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை.'

மறுபடி அடித்தார். இல்லை.

டைப்பக்கா மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி குரல் வந்தது. லிஃப்ட் போகிற குழிக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்ள, சைட்டுக்குள்ள போக முடியல."

"மிஷின்ல பச்சை லைட் எரியுதாக்கா?"

"எரியுது, எரியுது."

"முன்பக்கம் திறக்குதா?"

"அதெல்லாம் ஜோரா திறக்குது. உள்ள போற கதவுதான் இல்லங்குது."

"வார்த்தை என்ன போட்டீங்க?"

"சௌக்கியம்தானே மாப்ள?"

"அதான். நீங்கதானே அடிச்சீங்க." ஏதோ இரும்பு விழுகிற சத்தம். "போன்ல வார்த்தை போட்டா பின்னாடி அதுவா ஒரு இடைவெளி விடும்க்கா. அதை அழிச்சுட்டுப் பாருங்க."

அழித்துப் பார்த்தார்கள். இல்லை.

"பழைய பக்கத்தை ஞாபகம் வெச்சுக்கிட்டு அதையே காட்டுதோ என்னமோ. ரகசிய ஜன்னல்னு ஒண்ணு இருக்கும், அதுல திறந்து பாருங்க."

"ஒளிச்சு வெச்ச கதவுக்கு ரகசிய ஜன்னல் வேறயா," என்றார் ப்ரூஃப்காரர். ஆனாலும் திறந்தார். அந்த ஜன்னலிலும் இல்லை. கடைசியில் ஒரு சாய்வுக்கோடு போட்டுப் பார்த்தார்கள், எடுத்துப் பார்த்தார்கள். வார்த்தை 'சௌக்கியமா' என்று இருந்திருக்குமோ என்று அதையும் பார்த்தார்கள்.

"அக்கா, நிறுத்துங்க," என்றார் மாப்பிள்ளை திடீரென்று. "இல்லாத பக்கத்தை ரொம்பத் தட்டினா அது உங்களையே திருடன்னு முடிவு பண்ணி வெளிய தள்ளிடும். நாந்தான் அப்படி வெச்சேன். இன்னும் ஒரு தடவை தாங்கும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்போ என்னதான் வழி?"

"ஒளிச்சு வைக்கிற மென்பொருள் ஒண்ணு உள்ள இருக்கு. அதோட ஃபோல்டர் பேரை மாத்திட்டா பழைய கதவு தானா வெளிய வந்துடும். சின்ன வேலைதான். ஆனா மிஷினுக்கு ஸ்கிரீன் மாட்டி நான் உட்காரணும். சாயங்காலம் வரேன்க்கா."

"மதியம் ஆபரேஷன் மாப்ள."

"இங்க லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது," என்றார். "உள்ள ஆள் இருக்குக்கா."

அதற்கு மேல் அவரை வா என்று எப்படிச் சொல்வது. டைப்பக்கா போனை வைத்தாள். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மனிதர், ஆள் வரும் என்ற செய்தியைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, வேறு யாரையாவது தேடிப் போயிருப்பார். நம்பிக்கையைக் கொடுத்து உட்கார வைத்தது இவள்தான். அதுதான் அவளை அறுத்தது.

ப்ரூஃப்காரர் போனை மூக்குக்கு நேரே பிடித்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "ச, அதுக்கு ஔகாரம். க் இருக்கு. கி, ய, ம். எல்லாம் சரியா இருக்கு. நானே பாத்துட்டேன், ஒரு பிழை கூட இல்ல."

டைப்பக்கா நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"பிழை இல்லன்னேன்."

"அதாங்க பிழை."

அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியவைக்க அவர்களுடைய கல்யாணக் கதையைச் சொல்ல வேண்டும், நமக்கும்தான்.

டைப்பக்கா கற்றது பழைய தமிழ் டைப்ரைட்டர் மிஷினில். அந்த மிஷினில் 'சௌ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ச, பிறகு ள. ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனி விசை அவள் கற்ற மிஷினில் கிடையாது. ள-வைத்தான் தட்ட வேண்டும். காகிதத்தில் பார்க்க எல்லாம் ஒன்றுதான். விரல் அப்படியே படிந்துவிட்டது. பிறகு அவள் வேலை பார்த்த அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஔகாரம் ஒரே குறி, ள தனி எழுத்து. டைப்பக்காவின் விரலுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவள் 'செள' என்றே அடித்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, வார்த்தை வரியின் ஓரத்துக்கு வரும் வரை. அங்கே 'செ' மேல் வரியில் நின்றுகொள்ளும், 'ளக்கியம்' கீழ் வரியில் போய் விழும். அச்சகத்தில் அதைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்தான். சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார். அவள் திருத்தினாள். மறுநாள் அதே பிழை. மறுபடி சுழித்தார். சுழித்துச் சுழித்துக் களைத்துப்போய், ஒரு நாள் மேசைக்கே வந்து, "ஏம்மா, இந்த ள மேல உங்களுக்கு அப்படி என்ன பாசம்?" என்று கேட்டார். வந்தவர் அதற்குப் பிறகு பல சாக்கில் வந்தார். அவள் அந்தப் பழக்கத்தை விடவே இல்லை; விட்டிருந்தால் அவர் வருவது நின்றிருக்கும் என்று பின்னால் தங்கையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்போது டைப்பக்கா இஸ்திரி மேசையில் கண்ணை மூடி விரல்களை வைத்தாள். சௌக்கியம், என்று மனசில் சொன்னாள். விரல்கள் தட்டின. கொம்பு. ச. ள.

"அன்னைக்கு என் கீபோர்டுல நாந்தானே அடிச்சேன்," என்றாள். "தப்பாத்தான் அடிச்சிருப்பேன். மாப்பிள்ளைக்கு எங்க தெரியப் போகுது. கதவோட பேரே செ-ளக்கியம். நீங்க சௌக்கியம் சௌக்கியம்னு வேற வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டிருக்கீங்க."

ப்ரூஃப்காரர் பேய் முழி முழித்தார். பிறகு மெதுவாக, "அப்போ தப்பா அடிக்கணும்," என்றார்.

"அடிங்க."

அவர் முயன்றார், பாவம். கட்டைவிரல் ள-வுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இறங்கமாட்டேன் என்றது. "நீயே அடிச்சுடு. எனக்குக் கை வரல," என்று போனை நீட்டினார்.

அவள் ச போட்டாள், கொம்பு போட்டாள், தனியாக ஒரு ள போட்டாள். போன் உடனே மேலே 'சௌ' என்று சரியான எழுத்தை எடுத்துக்கொடுத்தது. வீட்டில் ஒரு ப்ரூஃப்காரர் போதாதென்று இதுவும் ஒன்று. "பெரிய மனசு பண்ணி ஒதுங்கு," என்று அதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை முடித்தாள். இது ஒன்றுதான் பாக்கி. இதுவும் இல்லையென்றால் வெப்சைட் அவளையே திருடி என்று வெளியே தள்ளிவிடும். அமுக்கினாள்.

இரண்டு வெள்ளைக் கட்டங்கள் வந்தன. பெயர், கடவுச்சொல்.

டைப்பக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு டைப்பிங் சொல்லிக்கொடுத்த மாஸ்டருக்கு, அந்த விசை இல்லாத மிஷினுக்கு, சிவப்பு மைக்கு, திருந்தாத தன் விரல்களுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக நன்றி சொல்லத் தோன்றியது. சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. பெயரும் கடவுச்சொல்லும் தினமும் அடிக்கிறதுதான், அடித்து உள்ளே போனாள்.

கண்டக்டரின் செய்தி முழுதாக இருந்தது. ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். ஆண்கள் வார்டு, துணைக்கு ஆண்தான் வர வேண்டும் என்று எழுதியிருந்தார். அவள் போக முடியாது. பெயின்டரைக் கூப்பிட்டாள், சாரத்தின் மேல் நிற்கிறேன், இறங்கி வர முடியாது என்றார். டிரைவர் வெளியூரில். தையல்காரர், "சாயங்காலம்னா கண்டிப்பா வரேன்," என்றார். கடைசியில் கண்டக்டரையே கூப்பிட்டாள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல.

"ஆள் வரும்னு காலையிலயே சொல்லிட்டீங்களேம்மா," என்றார் அவர். "நான் அப்பவே கிளம்பி ஆஸ்பத்திரி வாசல்ல உட்கார்ந்துட்டேன். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வரச் சொல்லுங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பியபோது, ப்ரூஃப்காரர் இஸ்திரி போட்ட சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசனை என்றால் அந்த மனிதருக்கு ஆகாது. ரத்தப் பரிசோதனைக்குப் போய், இன்னொருத்தருக்கு ஊசி குத்துவதைப் பார்த்து, நாற்காலியோடு சாய்ந்தவர். வெப்சைட்டின் ஒவ்வொரு வரியையும் திருத்திக் கொடுப்பார். துணைக்குப் போகிறவர்கள் பட்டியலில் மட்டும் அவர் பேர் இருந்ததில்லை. டைப்பக்காவும் கேட்டதில்லை.

"உங்களுக்கு மயக்கம் வருமே."

"வந்தா ஆஸ்பத்திரியிலதானே வருது," என்றார். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "முடிஞ்சதும் உன் கடை நம்பருக்குப் பண்றேன்."

டைப்பக்கா ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்து டைப் அடித்தாள். என்ன அடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மதியம் தாண்டியது. மாப்பிள்ளை பேசினார், லிஃப்டைக் கீழே இறக்கிவிட்டாராம், உள்ளே இருந்தவர் வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். கதவு திறந்த கதையைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த ள-வை மாத்திடவாக்கா?" என்றார். "தொட்டீங்கன்னா பாருங்க," என்றாள் அவள்.

அதற்கும் ரொம்ப நேரம் கழித்துத்தான் கடை போன் மறுபடி அடித்தது.

"ஆச்சு," என்றார் ப்ரூஃப்காரர். "கட்டுப் போட்டு வெளிய கொண்டுவந்துட்டாங்க. நல்லபடியா முடிஞ்சுதாம். தூங்குறார்."

"உங்களுக்கு?"

"வந்துச்சு. வாசல்லயே வந்துச்சு. அந்தக் கண்டக்டர்தான் கையைப் பிடிச்சு உட்கார வெச்சு, தண்ணி வாங்கிக் கொடுத்தார். பஸ்ல எத்தனையோ பேருக்குப் பண்ணியிருக்கேன், விடுங்கன்னார். யார் யாருக்குத் துணைக்கு வந்ததுன்னே தெரியல."

டைப்பக்கா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"அப்புறம் நர்ஸ் வந்தாங்க," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க இவருக்கு என்ன வேணும்னு கேட்டாங்க."

நீல மூடி டைப்பக்காவின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"தம்பி வேணும்னேன். தெரிஞ்சே விட்ட பிழை. இருந்துட்டுப் போகட்டும்."

அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. "முழிச்சுட்டார், அப்புறம் பேசறேன்," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.